அடுக்களையில் அமிலமும் காரமும்

வெள்ளைத் துணியில் படிந்த மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவப்பதும், நன்றாக அலசிய பின் மீண்டும் மஞ்சளாவதும், துணி துவைக்கும் வீடுகளில் எல்லாம் அன்றாடம் நடப்பவை. கறை சிவந்ததற்குச் சோப்பில் உள்ள ஏதோ ஒன்று காரணமாக இருக்க வேண்டும் என்பதும், நீரில் அது போய்விட்டதும் பழைய நிறம் திரும்புவதால் மஞ்சள் அழிந்துவிடவில்லை என்பதும், யாரும் சொல்லிக் கொடுக்காமலே ஒரு குழந்தை எட்டிவிடக்கூடிய முடிவுகளாகும். எட்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகள் பெரியவர் ஒருவரின் துணையோடு செய்யத்தக்க சோதனைகளை விளக்கும் இந்த இயல், அந்தக் கறையில் தொடங்கி, பூச்சாறு, சோடா, சுண்ணாம்பு ஆகியவற்றின் வழியாக வாசல் கோலம் வரை செல்கிறது.

அடுக்களைச் சோதனைகள் பல இடங்களில் வித்தைகளாகவே செய்துகாட்டப்படுகின்றன; நுரை பொங்குகிறது, நிறம் மாறுகிறது, பார்த்தவர்கள் கைதட்டுகிறார்கள், அத்துடன் முடிந்துவிடுகிறது. அதே பொருள்களைக் கொண்டு சோதனை செய்வதென்றால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்து, எதுவும் சேர்க்காத மாதிரி ஒன்றையும் அருகில் நிறுத்தி ஒப்பிட வேண்டும். அவ்வாறு நிறுத்தப்படும் மாதிரி இங்கு ஒப்பீட்டுத் தம்ளர் எனப்படுகிறது. நேரமோ பொருளோ போதாதபோது வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்கலாகாது.

அமிலம் என்பது நீரில் கரையும்போது ஹைட்ரஜன் அயனிகளைத் தரும் பொருள். எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலமும், புளியில் உள்ள டார்டாரிக் அமிலமும், மோரில் உள்ள லாக்டிக் அமிலமும் நாவுக்குப் புளிப்பாகத் தோன்றுவது அதனால்தான். அந்த அயனிகளை ஏற்றுக்கொண்டு அமிலத்தின் இயல்பை மாற்றவல்ல பொருள் காரம் எனப்படுகிறது. சுண்ணாம்பு, சலவைச் சோடா, சோப்பு ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. மிளகாயின் உறைப்புக்கும் இந்தக் காரத்துக்கும் தொடர்பில்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது பின்னால் வரும் குழப்பத்தைத் தவிர்க்கும். எந்தப் பொருள் எந்த வகை என்பதைத் தன் நிறமாற்றத்தால் தெரிவிக்கும் பொருளுக்கு நிறங்காட்டி என்று பெயர். ஆங்கிலோ-ஐரிஷ் அறிவியலாளரான ராபர்ட் பாயில், வயலட் பூவின் பாகு அமிலத்தில் சிவந்தும் காரத்தில் பச்சையாகவும் மாறுவதை 1664இல் வெளியான தம் நூலில் விளக்கி, அந்த மாற்றத்தையே பொருள்களை வகைப்படுத்தும் முறையாகவும் ஆக்கினார்.

மஞ்சள் துணி

நிறங்காட்டியாக மஞ்சளைப் பயன்படுத்துவதற்குப் பழைய பருத்தி வேட்டியின் ஒரு துண்டு போதுமானது. அதைப் பலமுறை வெறும் நீரில் அலசிக் காயவைக்க வேண்டும். இழைகளில் சோப்பு எஞ்சியிருந்தால் மஞ்சளில் நனைக்கும்போதே துணி சிவந்து, சோதனை தொடங்கும் முன்பே முடிவு கலங்கிவிடும். கால் தம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளைக் கலக்கி, அதில் துணியை நனைத்து, நிழலில் உலர்த்தி, இரு விரல் அகலத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளலாம். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் என்னும் பொருள் நீரில் மிக அரிதாகவே கரைவதால், இம்முறையில் துணியில் திட்டுத்திட்டாகத் தூள் ஒட்டியிருக்கும். சீரான நிறம் வேண்டுமானால் நீருக்குப் பதிலாக, கைகளைத் துடைக்கப் பயன்படும் நீர்மையான சானிட்டைசரில் மஞ்சளைக் கலக்கி, அடியில் வண்டல் படிந்த பின் மேலே நிற்கும் தெளிவை எடுத்துக்கொள்ளலாம். அதில் உள்ள ஆல்கஹால் குர்குமினைக் கரைத்துக்கொள்கிறது. ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால், இந்த வேலையை அடுப்பு எரியாத அறையில் பெரியவரே செய்து முடிப்பது நல்லது.

துண்டுகள் உலர்ந்ததும், ஒன்றின் மீது வெறும் நீரும், மற்றவற்றின் மீது எலுமிச்சைச் சாறு, மோர்த் தெளிவு, சமையல் சோடாக் கரைசல், குளியல் சோப்பை உரைத்த நீர், சலவைச் சோடாக் கரைசல் ஆகியவையும் ஒவ்வொரு சொட்டாக விடப்பட வேண்டும். முதல் மூன்றிலும் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். சமையல் சோடா பட்ட இடம் இளஞ்செம்மையாக மாறும். சோப்பும் சலவைச் சோடாவும் பட்ட இடங்கள் நன்றாகச் சிவந்து பழுப்பேறும். சிவந்த இடத்தின் நடுவில் எலுமிச்சைச் சாற்றை ஒரு குச்சியின் முனையால் தொட்டு வைத்தால் அந்தப் புள்ளி மட்டும் மஞ்சளாகி, சிவப்பு வட்டத்துக்குள் மெல்ல விரிந்து செல்லும். ஆலம் சுற்றும் நீர் சிவப்பாக இருப்பதும், மரபு முறையில் மஞ்சளிலிருந்து குங்குமம் செய்யப்படுவதும் இதே மாற்றத்தால்தான். முகம் கழுவப் பயன்படும் நீர்மச் சோப்புகள் சில மஞ்சளைச் சிவக்கச் செய்யாமல் போகலாம். அப்போது சோதனை தவறிவிட்டதாகக் கருதாமல், அந்தப் பொருள் காரத்தன்மை இல்லாமல் தயாரிக்கப்பட்டிருக்கலாம் என்ற எண்ணத்தைக் குழந்தையிடமிருந்தே வரவழைக்க முயல வேண்டும்.

எலுமிச்சைச் சாற்றிலும் வெறும் நீரிலும் ஒரே நிறம் காட்டுவது மஞ்சளின் குறைபாடு. அது காரத்தை மட்டுமே அறிவிக்கும், அமிலத்தையும் நடுநிலைப் பொருளையும் பிரித்துக் காட்டாது. இதைக் கண்டுபிடிக்கும் வேலையைக் குழந்தைக்கே விட்டுவிட்டால், அடுத்த நிறங்காட்டிக்கான தேவை தானாகவே எழும்.

மஞ்சள் துணியில் இன்னொரு சோதனையும் உண்டு. கறை படிந்த துணியை வெயிலில் போட்டால் கறை போய்விடும் என்பது பரவலாக அறியப்பட்ட வீட்டு முறை. ஆனால் கறையைப் போக்குவது வெயிலின் ஒளியா, வெப்பமா என்பதை அந்த முறையைக் கொண்டு மட்டும் சொல்ல முடியாது. ஒரு துண்டை வெயிலிலும் மற்றொன்றை வீட்டுக்குள்ளும் வைத்தால் ஒளி, வெப்பம் இரண்டுமே வேறுபட்டுவிடுவதால் அந்த ஒப்பீடு பயனற்றது. நீளமான ஒரே துண்டை எடுத்து, அதன் பாதியைத் தடித்த அட்டைக்குள் நுழைத்துத் துணிக்கிளிப்பால் இறுக்கி, முழுத் துண்டையும் மொட்டைமாடியில் வைத்தால், இரு பாதிகளும் சூடாகும், ஒரு பாதி மட்டும் ஒளி பெறும். மாலையில் அட்டையை நீக்கும்போது மறைக்கப்பட்ட பாதி நிறம் மாறாமலும் வெளியில் இருந்த பாதி வெளிறியும் இருக்கும். இரண்டுக்கும் இடையில் அட்டையின் விளிம்பு ஒரு கோடாகத் தெரியும். ஒளி குர்குமினைச் சிதைக்கிறது என்பதற்கு அந்தக் கோடே சான்றாகும். இந்த இயலின் சோதனைகளுள் மிகச் சிறந்தது எது என்று கேட்டால் செலவில்லாத இதையே சொல்ல வேண்டும்.

பூக்களின் சாறு

செம்பருத்தி, சங்குப்பூ ஆகியவற்றின் இதழ்களில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமிகள் அமிலத்தில் ஒரு நிறமும் காரத்தில் வேறொரு நிறமும் காட்டுவதால், மஞ்சளின் குறையை அவை நிறைவு செய்கின்றன. கைப்பிடி இதழ்களின் மீது ஒரு தம்ளர் வெந்நீரை ஊற்றி, இதழ்கள் வெளிறும் வரை வைத்திருந்து வடிகட்டினால் சாறு கிடைக்கும். செம்பருத்திச் சாறு அமிலத்தில் அடர்ந்த இளஞ்சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறுகிறது. சங்குப்பூவின் நீலச் சாறு எலுமிச்சையில் ஊதாவாகவும், சலவைச் சோடாவில் பச்சையாகவும் ஆகிறது. இதில் பெரும்பாலோர் கவனிக்கத் தவறுவது நீரின் தரம். ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள பைகார்பனேட் உப்புகள் அதற்குச் சிறிது காரத்தன்மையைத் தருவதால், அதைக் கொதிக்கவைத்து எடுத்த சாறு தொடக்கத்திலேயே பச்சை கலந்து தெரியலாம். கேன் நீரையோ, பிடித்து வைத்த மழைநீரையோ பயன்படுத்துவது நலம். அதே காரணத்தால், வீட்டில் கிடைக்கும் எல்லா நீர்களையும் தனித்தனித் தம்ளர்களில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் சம அளவு சங்குப்பூச் சாற்றை விட்டு வரிசையாக வைத்துப் பார்ப்பதும் ஒரு நல்ல சோதனையாகும். தம்ளர்கள் கண்ணாடியாக இருந்தால்தான் நிறவேறுபாடு தெரியும். அலுமினியப் பாத்திரத்தைச் சோடாவும் சுண்ணாம்பும் அரிக்குமாதலால் அதை அறவே தவிர்க்க வேண்டும்.

எலுமிச்சைச் சாற்றில் ஊதாவாகும் சங்குப்பூச் சாறு, மோர்த் தெளிவில் அவ்வளவாக மாறுவதில்லை. இரண்டும் புளிப்பாக இருக்க, நிறமாற்றம் மட்டும் ஏன் வேறுபடுகிறது என்ற கேள்வி இங்கே எழும். அதற்கு விடை தருவது அமிலத்தின் அளவைக் குறிக்கும் பி.எச். அளவுகோல்; அதை 1909இல் வகுத்தவர் வேதியியலாளர் சோரன் சோரென்சென். கோபன்ஹேகன் நகரில் பீர் ஆலையை ஒட்டி அமைந்த கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில், நொதிகளின் செயல்பாட்டை ஆராயும்போதுதான் அவருக்கு அப்படியொரு அளவுகோல் தேவைப்பட்டது. அதில் 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வொரு எண் இறங்கும்போதும் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்து மடங்கு கூடுவதால், ஏறத்தாழ 2.5 அளவுள்ள எலுமிச்சைச் சாறு, ஏறத்தாழ 4.5 அளவுள்ள மோரைவிட நூறு மடங்கு செறிவுடையது. நாக்கு உணரும் புளிப்பு இந்த விகிதத்தில் ஏறுவதில்லை என்பதால்தான் நாக்கை அளவுகோலாகக் கொள்ள முடிவதில்லை. அதற்கும் மேலாக, உண்ணத்தக்க பொருள்களே ஆனாலும் சோதனைக்கு எடுத்தவை வாய்க்குத் திரும்பக் கூடாது என்ற விதியை முதல் நாளிலேயே வகுத்துவிட வேண்டும்.

நிறத்தை எழுத்தில் பதிவு செய்வது கடினமாகையால், ஒவ்வொரு சாற்றிலும் தோய்த்து உலர்த்திய தாள் துண்டுகளைக் குறிப்பேட்டில் ஒட்டி, எத்தனை சொட்டு, எந்த நீர், எவ்வளவு நேரம் என்பதை அருகில் குறித்துவைக்கலாம். அடுக்களையில் செய்த அளவீடும் அறிவியலாகும் என்பதற்கு ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்த ஆக்னஸ் போக்கெல்ஸ் போதுமான சான்று. பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் மூடியிருந்த காலத்தில் வீட்டு வேலைகளைப் பார்த்துக்கொண்டே, எண்ணெயும் சோப்பும் நீர்ப்பரப்பை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை, ஒரு தகரத் தொட்டியையும், தராசில் தொங்கவிட்ட பொத்தானையும் கொண்டு அவர் அளந்தார்; இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு அவர் எழுதிய கடிதம் 1891இல் 'நேச்சர்' இதழில் வெளியானது.

சோடாவும் புளிப்பும்

ஆப்பச் சோடா என்றும் சமையல் சோடா என்றும் வழங்கும் சோடியம் பைகார்பனேட், அமிலத்துடன் சேரும்போது கார்பன் டை ஆக்சைடு வாயுவை வெளியிடுகிறது. நான்கு தம்ளர்களில் முறையே எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், மோர், வெறும் நீர் ஆகியவற்றைச் சம அளவில் எடுத்து, ஒவ்வொன்றிலும் கால் தேக்கரண்டி சோடாவை ஒரே சமயத்தில் போட்டு, நுரை எழும்பிய உயரத்தை அளவுகோலால் குறிக்க வேண்டும். நீருள்ள தம்ளரில் நுரை வராது. அதுவே ஒப்பீட்டுத் தம்ளர். அரைத்தவுடன் எடுத்த தோசைமாவிலும், இரவு முழுவதும் புளித்த மாவிலும் இதே சோதனையைச் செய்தால், புளித்த மாவு உப்பிப் பொங்குவதையும் புதுமாவு ஏறத்தாழ அப்படியே கிடப்பதையும் காணலாம். மாவில் பெருகும் லாக்டிக் அமில நுண்ணுயிரிகள் ஓர் இரவில் செய்துவைத்த அமிலத்தைச் சோடா வெளிப்படுத்திவிடுகிறது. புளிப்பே இல்லாத பஜ்ஜி மாவிலும் சோடா வேலை செய்வது, சூட்டில் அது தானாகவே சிதைந்து வாயுவை விடுவதால்.

கால் தேக்கரண்டி சோடா, போதிய சாறு கிடைத்தால், 300 மில்லிலிட்டருக்கும் அதிகமான வாயுவைத் தரும். ஆகவே கலவையை எந்தப் புட்டியிலும் அடைத்து மூடக் கூடாது; அடைத்தால் புட்டி வெடிக்கும். வாயுவைப் பிடிக்க விரும்பினால், பலூனுக்குள் சோடாவைப் போட்டு, சாறுள்ள புட்டியின் வாயில் பலூனை மாட்டி, பிறகு பலூனை நிமிர்த்தலாம். இந்த வாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியானது என்பதால், ஒரு குவளையில் அதை உண்டாக்கி, உள்ளிருக்கும் நீர்மம் சிந்தாதபடி எரியும் சிறு மெழுகுவத்தியின் மேல் குவளையைச் சாய்த்தால், கண்ணுக்குத் தெரியாத ஒன்று வழிந்து இறங்கிச் சுடரை அணைக்கும். வத்தியை உயரம் குறைந்த கண்ணாடிக் கிண்ணத்துக்குள் நிறுத்தி, மின்விசிறியையும் நிறுத்திய பின் செய்தால்தான் இது பலிக்கும்.

சுண்ணாம்பு, முட்டை ஓடு, கோலமாவு

இந்தப் பகுதிக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை அவசியம். வெற்றிலைச் சுண்ணாம்பு வலிமையான காரம். பொட்டலத்தையோ குழாயையோ குழந்தை அழுத்தும்போது அது பீறிட்டுக் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிப் பார்வையே போகக்கூடும். சுண்ணாம்பைக் கையாள்வது முழுக்கவும் பெரியவரின் பொறுப்பு. தவறிக் கண்ணில் பட்டுவிட்டால், கண்ணைக் கசக்காமல், இமைகளை விரித்துப் பிடித்து ஓடும் நீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நிறம் சேர்க்காத சுண்ணாம்பைப் பட்டாணி அளவு எடுத்து ஒரு லிட்டர் நீரில் கலக்கி, மூடி, ஓரிரவு அசைக்காமல் வைத்தால் மேலே தெளிந்து நிற்பது சுண்ணாம்புத் தெளிநீர். அதைப் பெரியவர் இரண்டு கிண்ணங்களில் ஊற்றி, ஒன்றைத் திறந்தும் மற்றொன்றைக் காற்றுப் புகாத மூடியிட்டு விளிம்பு வரை நிரப்பியும், குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். மறுநாள் காலையில் திறந்த கிண்ணத்தின் மேல் மெல்லிய வெள்ளை ஆடை படிந்திருக்கும். காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்புடன் சேர்ந்து கால்சியம் கார்பனேட் என்ற கரையாப் பொருளாக மாறியதன் விளைவு அது. வெள்ளையடித்த சுவர் நாளடைவில் இறுகுவதும் இவ்வாறே. தெளிநீருக்குள் உறிஞ்சுகுழலால் ஊதச் சொல்லும் பழைய பள்ளிச் சோதனையில், குழந்தை தவறி உறிஞ்சிவிடும் அபாயம் இருப்பதால், அது இங்கே சேர்க்கப்படவில்லை.

அதே கால்சியம் கார்பனேட்தான் முட்டை ஓடு. பச்சை முட்டை ஒன்றை வினிகரில் ஒரு நாள் மூழ்கவைத்தால், ஓட்டின் மேல் குமிழிகள் எழுந்து, ஓடு கரைந்து, உள்சவ்வு மட்டும் முட்டையைத் தாங்கி நிற்கும். அதைத் தொட்ட கைகளைச் சோப்பால் கழுவிவிட வேண்டும்.

கோலமாவுச் சோதனை இதுவரை கற்ற அனைத்தையும் வேலைக்கு அழைக்கிறது. கடையில் கோலமாவு என்ற பெயரில் கிடைப்பது அரிசி மாவாகவோ, சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்த கல்லின் பொடியாகவோ, வேறு வெள்ளைக் கல்லின் பொடியாகவோ, இவற்றின் கலவையாகவோ இருக்கலாம். பார்வைக்கு எல்லாம் வெள்ளை. இரண்டே சொட்டுகளில் இவற்றைப் பிரித்தறியலாம். வினிகர் பட்ட இடத்தில் நுரைத்தால் அதில் கார்பனேட் இருக்கிறது. காயத்துக்குப் பூசும் அயோடின் மருந்தை நீரில் வெளிறிய தேநீர் நிறம் வரும்வரை கலக்கி ஒரு சொட்டு விட்டால், அரிசி மாவில் உள்ள ஸ்டார்ச் கருநீலமாகும். கல் பொடி நிறம் மாறாது. நுரைத்தும் நீலமாகியும் இரண்டு விடையையும் தரும் மாவு கலப்பு மாவு. இரண்டுமே தராதது பெரும்பாலும் வேறு வகைக் கல்லின் பொடி. ஒப்பீட்டுக்காக, வீட்டில் அரைத்த அரிசி மாவு ஒரு தட்டிலும், பொடித்த முட்டை ஓடு இன்னொரு தட்டிலும் இருக்க வேண்டும். ஒன்று நீலத்துக்கும் மற்றது நுரைக்கும் அளவுகோலாக நிற்கும். வண்ணக் கோலப் பொடிகளின் சாயம் அயோடினின் நிறத்தை மறைத்துவிடுவதால் அவற்றை எடுக்க வேண்டாம். பக்கத்து வீடுகளிலும் தெருக்கடைகளிலும் சேகரித்த மாவுகளைப் பெயர் எழுதாமல் எண் மட்டும் இட்டுச் சோதிக்கச் செய்வது, விடையை முன்கூட்டியே எதிர்பார்த்துக் கண்ணை ஏமாற்றிக்கொள்ளும் பழக்கத்திலிருந்து குழந்தையைக் காக்கும்.

வேலை முடிந்ததும் நிறச்சாறுகளையும் சோடாக் கரைசல்களையும் நிறைய நீருடன் சாக்கடையில் விட்டுவிடலாம்; எஞ்சிய சுண்ணாம்புத் தெளிநீரில் வினிகரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, மஞ்சள் துணி அதில் சிவக்காத நிலை வந்த பின் பெரியவர் கொட்ட வேண்டும். அயோடின் பட்ட தட்டுகளையும் வினிகரில் ஊறிய முட்டையையும் சமையல் பாத்திரங்களுடன் சேர்க்காமல் தனியே அப்புறப்படுத்துவது முறை.